டூயல்சென்ஸ் ஸ்டிக் டிரிஃப்ட்: 14 கால்களைக் கழற்றி காந்த சென்சார் மாட்டும் வேலை

கேம் கன்ட்ரோலரின் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்த பிறகும் கேமரா தானாக மேலே ஊர்கிறது. மெனுவில் தேர்வு ஒவ்வொன்றாகத் தானே கீழே இறங்குகிறது. இதற்குத்தான் டிரிஃப்ட் என்று பெயர். இது வந்ததும் பலர் புதுக் கன்ட்ரோலர் வாங்கிவிடுகிறார்கள். உள்ளே பழுதாவது ஒரு ரூபாய் நாணயம் அளவே உள்ள ஒரு பாகம்தான். பேட்டரி, போர்டு, மோட்டார், பட்டன் எல்லாம் நன்றாக இருக்கும்போது அந்த ஒன்றுக்காக மொத்தத்தையும் குப்பையில் போடுவது வீண். ஆனால் அவசரத்தில் சால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பதும் தவறு. இந்த வேலையில் போர்டு கெட்டுப்போனால் பெரும்பாலும் அதற்குக் காரணம் பழைய பாகத்தைப் பிடுங்கிய விதம்தான். அதனால் இந்தப் பதிவில் மாட்டுவதைவிடக் கழற்றுவதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

எடுத்துக்கொண்ட கருவி பிளேஸ்டேஷன் 5-க்கான டூயல்சென்ஸ். பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4-லும் ஸ்டிக் மாட்யூலின் அமைப்பு இதேதான். திறக்கும் முறை மட்டும் வேறு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைத் திறக்க நடுவில் துளையுள்ள டி8 டார்க்ஸ் முனை வேண்டும். அதன் ஐந்தாவது ஸ்க்ரூ பேட்டரிப் பெட்டிக்குள் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். நிண்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்-கான் இந்தக் கணக்கில் சேராது. அதன் ஸ்டிக் ரிப்பன் கேபிளில் வருவதால் சால்டர் வேலையே இல்லை.

ஏன் டிரிஃப்ட் வருகிறது

ஸ்டிக் மாட்யூலின் இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொரு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ஒன்று இட-வல அச்சுக்கு, மற்றது மேல்-கீழ் அச்சுக்கு. ஒவ்வொன்றிலும் வளைவாகப் பூசிய கார்பன் தடம் ஒன்று உண்டு. ஸ்டிக் அசையும்போது ஒரு சிறிய உலோகத் துடைப்பான் அந்தத் தடத்தின்மேல் உரசிக்கொண்டே நகரும். அது எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தம் அதன் மூன்று உலோகக் கால்களில் நடுக்காலில் வரும். பழைய ரேடியோவில் வால்யூம் திருகினால் கரகரப்பது எதனாலோ அதனால்தான் இதுவும் கெடுகிறது. அதிகம் தேய்வது நடுப்பகுதி, ஏனென்றால் ஒவ்வொரு அசைவும் அங்கே தொடங்கி அங்கேயே முடிகிறது. தேய்ந்த கார்பன் தூள் துடைப்பானுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் மதிப்பு துள்ளும். மேலே ஸ்டிக்கின் கழுத்து உறையின் வளையத்தில் உரசி உதிரும் பிளாஸ்டிக் பொடியும் உள்ளே விழும்.

இவை தவிர இரண்டாவது காரணம் ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், தடம் நன்றாக இருந்தாலும் ஸ்டிக் சரியான நடுவில் வந்து நிற்காது. ஓடுவதற்கு எல்3-ஐ (இட ஸ்டிக்கையே பட்டனாகக் கீழே அமுக்குவது) அழுத்தும் ஆட்டங்களில் இது சீக்கிரம் வரும், ஏனென்றால் அங்கே ஸ்டிக்கை முழுவதும் சாய்த்தபடியே கீழே அமுக்குகிறோம்.

இவ்வகை ஸ்டிக்குகளில் பரவலாகப் பயன்படும் அல்ப்ஸ் நிறுவன மாட்யூலின் தரவுத்தாள் திசை அசைவுக்கு 20 லட்சம் சுழற்சி, அழுத்தலுக்கு 5 லட்சம் முறை என்று ஆயுளைக் குறிக்கிறது. 20 லட்சம் பெரிய எண்ணாகத் தெரியலாம். சுடும் ஆட்டத்தில் நிமிடத்துக்கு 100 அசைவு என்று வைத்தால் 20,000 நிமிடம், அதாவது 333 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் ஆடினால் ஆறு மாதம்கூட வராது. அந்த எண்ணைத் தொட்டதும் கெட்டுவிடும் என்று பொருளில்லை. அதுவரை உத்தரவாதம், அவ்வளவுதான். ஆனாலும் ஆயுள் இப்படி அளந்து வைக்கப்பட்ட ஒரு பாகத்தை 14 இடங்களில் சால்டர் செய்து நிரந்தரமாகப் பதிப்பது சரியான வடிவமைப்பு இல்லை. 2023-இல் வந்த டூயல்சென்ஸ் எட்ஜில் ஸ்டிக் மாட்யூலைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். எல்லாக் கன்ட்ரோலர்களிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

முதலில் அளவு எடுங்கள்

கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, குரோம் பிரவுசரில் ஏதாவது ஒரு கேம்பேட் சோதனைப் பக்கத்தைத் திறக்கவும். ஒவ்வொரு அச்சின் மதிப்பும் -1 முதல் 1 வரை காட்டும். டூயல்சென்ஸ் ஓர் அச்சை 0 முதல் 255 வரை 256 படிகளாக அனுப்புகிறது. நடுப்புள்ளி ஒரு முழு எண்ணில் சரியாக விழாது. அதனால் ஆரோக்கியமான ஸ்டிக்கும் ஓய்வில் 0.00392 என்று காட்டும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; அரைப் படி விலகல்தான் அது. 0.02, 0.03 வரைகூடப் பெரும்பாலான ஆட்டங்களில் தெரியாது. 0.08-ஐத் தாண்டினால் கேமரா ஊர்வது கண்ணில் படும்.

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அது நடந்துகொள்ளும் விதத்தையும் பாருங்கள். ஸ்டிக்கை நான்கு திசைகளிலும் மெல்லத் தள்ளிச் சட்டென்று விடுங்கள். ஒவ்வொரு திசைக்கும் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் ஒரே மதிப்பில், அதாவது 0.09 என்றால் 0.09-இலேயே நின்றால், நடுப்புள்ளி நகர்ந்திருக்கிறது, காலிப்ரேஷனிலேயே (நடுவையும் எல்லையையும் கன்ட்ரோலருக்குப் புதிதாகப் பதிவு செய்வது) சரியாகலாம். இடப்பக்கமிருந்து விட்டால் ஒரு மதிப்பு, வலப்பக்கமிருந்து விட்டால் வேறு மதிப்பு என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கையே படாமல் மதிப்பு துடித்துக்கொண்டிருந்தால் தூசி அல்லது தேய்ந்த தடம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால் தேவையில்லாத சால்டர் வேலை செய்ய நேரும்.

துடிப்பு வகைக்கு முதல் மருந்து 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கன்ட்ரோலரை அணைத்து, ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து, அடியில் இரண்டு சொட்டு விட்டு, 30 வினாடி வட்டமாகச் சுழற்றி, 15 நிமிடம் உலர விடவும். சில வாரம் தாங்கும், சிலசமயம் சில மாதம். கீல் துருவுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் உள்ளே விடாதீர்கள். அது பின்னால் விட்டுச் செல்லும் எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் நிலைமை முன்னைவிட மோசமாகும்.

ஆட்டத்தின் டெட்ஸோனைக் கூட்டுவதை நான் பழுதுபார்ப்பாக எண்ணுவதில்லை. டெட்ஸோன் என்பது நடுவைச் சுற்றி ஆட்டம் கண்டுகொள்ளாமல் விடும் வட்டம். அதை 0.15-க்கு ஏற்றினால் டிரிஃப்ட் மறையும், ஆனால் ஸ்டிக்கின் முதல் 15 சதவீத அசைவும் அதோடு சேர்ந்து செத்துவிடும். தூரத்து இலக்கின்மேல் குறியை நகர்த்துவது அந்த நுண்ணசைவில்தான். ராக்கெட் லீக் என்ற ஆட்டம் டெட்ஸோனைத் தசம எண்ணாகவே வைத்துக்கொள்ள விடுகிறது. கணினியில் ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பிலும் மாற்றலாம். இந்த ஒரு ஸ்லைடர்கூட இல்லாமல் இன்றும் ஆட்டங்கள் வருவது பெரிய குறை. பாகம் வந்து சேரும்வரை நாள்களை ஓட்ட டெட்ஸோன் உதவும். அதற்குமேல் அதை நம்ப வேண்டாம்.

எந்த மாட்யூல்

பழையபடி பொட்டென்ஷியோமீட்டர் மாட்யூலையே போட்டால் விலை குறைவு, காலிப்ரேஷன் எளிது. ஆனால் தேய்மானக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். காந்த சென்சாரில் உரசல் கிடையாது. ஸ்டிக்கோடு ஒரு சிறு காந்தம் அசையும், அதன் புலத்தை எதிரே உள்ள சிப் அளக்கும். இது புதிய யோசனையும் இல்லை: 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட்டின் கன்ட்ரோலர் ஸ்டிக்கிலேயே ஹால் என்ற வகைக் காந்த சென்சார் இருந்தது. இப்போது கிடைப்பவை இரண்டு வகை, ஹால் மற்றும் டிஎம்ஆர். டிஎம்ஆர் குறைந்த மின்சாரம் எடுக்கும். ஓய்வில் மதிப்பு இன்னும் அமைதியாக நிற்கும். பேட்டரியில் ஓடும் கருவிக்கு என் தேர்வு டிஎம்ஆர். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தேயாதது சென்சார் மட்டும்தான். ஸ்பிரிங்கும் எல்3 அழுத்தும் ஸ்விட்சும் வழக்கம்போல் தேயும்.

வாங்கும்போது விளக்கத்தில் டூயல்சென்ஸ் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்கவும். ஸ்டிக்குக்குப் போகும் மின்னழுத்தம் கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் மாறுபடும். வேறு கன்ட்ரோலருக்கான மாட்யூலின் கால்கள் அப்படியே பொருந்தும், ஆனால் மதிப்பு பாதி தூரம்தான் போகும். இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் ஸ்பிரிங்கின் இறுக்கம் இரண்டு கட்டைவிரலுக்கும் வேறு வேறாக இருக்கும்; குறி பார்க்கும்போது அது எரிச்சலூட்டும்.

மற்றவை: பிஹெச்00 ஸ்க்ரூடிரைவர், மெல்லிய பிளாஸ்டிக் நெம்பி, முனை வளைந்த ட்வீசர், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 60 வாட் சால்டரிங் அயர்ன், 2 மி.மீ. அளவில் உளி வடிவ முனை, 0.8 மி.மீ. தடிமனுள்ள 60/40 ஈயம் (வெள்ளீயம் 60, ஈயம் 40 கலந்த சால்டர் கம்பி), பசை வடிவ ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக உருகி ஒட்ட உதவுவது), ஈயம் உறிஞ்சும் பம்ப், செம்புப் பின்னல், சிறிய கட்டர், மல்டிமீட்டர். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் ஒரு நடையில் எல்லாம் கிடைத்துவிடும். ரேடியோ வேலைக்கு வீட்டில் கிடக்கும் 25 வாட் அயர்ன் இதற்குப் போதாது. போர்டின் கிரவுண்ட் தளம் (எல்லாப் பாகங்களுக்கும் பொதுவான பெரிய செம்புப் பரப்பு) சூட்டை இழுத்துக்கொள்ள, ஈயம் உருகாமல் நிற்கும். பொறுமை போய் அழுத்தத் தொடங்குவோம், பேட் (காலைச் சுற்றி போர்டில் ஒட்டியிருக்கும் செம்பு வளையம்) உரிந்து வரும்.

திறப்பது

ஸ்டிக்குகளைச் சுற்றி ஓடும் கறுப்பு அலங்காரப் பட்டையைக் கைப்பிடி ஓரத்திலிருந்து நெம்பி எடுக்கவும். ஹெட்போன் துளைக்கு இருபுறமும் இரண்டு ஸ்க்ரூ தெரியும். மீதி இரண்டு எல்1, ஆர்1 பட்டன்களுக்கு அடியில் இருக்கின்றன. பட்டனுக்கும் டிரிகருக்கும் இடையே நெம்பியை விட்டு மேல்நோக்கித் தூக்கினால் பட்டன் கழன்று வரும். நான்கையும் எடுத்துவிட்டு, ஹெட்போன் துளைப் பக்கமிருந்து பின்மூடியைப் பிரிக்கத் தொடங்கவும். டிரிகர் பக்கம் உள்ள கொக்கிகள் கடைசியாக விடும். அங்கே வலுவைக் காட்டினால் கொக்கி உடையும், பிறகு மூடி என்றைக்கும் கிறீச்சிடும்.

உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் தலையை ட்வீசரால் இரு பக்கமும் மாற்றி மாற்றி நகர்த்தவும். பேட்டரி தட்டை எடுத்து, டச்பேட், மைக், டிரிகர் ரிப்பன்களைக் கழற்றவும். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டின் பதிப்பு எண், பிடிஎம்-010, 020, 030 என்று, போர்டிலேயே அச்சாகியிருக்கும். பதிப்புக்குப் பதிப்பு ரிப்பன்களின் அமைப்பு மாறும் என்பதால் வீடியோவில் பார்த்ததை அப்படியே நம்ப முடியாது. கைப்பிடியில் உள்ள இரண்டு அதிர்வு மோட்டார்களின் நான்கு வயர்களும் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். நிறங்களைப் படமெடுத்துவிட்டு அயர்னால் தொட்டு விடுவியுங்கள். வயரோடு போர்டைத் திருப்பித் திருப்பி வேலை செய்தால் நடுவில் எங்காவது அறுந்துவிடும். போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்தால் போர்டு தனியே வரும். ஸ்டிக் தொப்பிகளை நேராக மேலே இழுத்தால் கழன்றுவிடும்.

கழற்றுவது

மாட்யூலுக்கு மொத்தம் 14 கால்கள்: ஒவ்வொரு பொட்டென்ஷியோமீட்டருக்கும் மூன்று என்று ஆறு, அழுத்தும் ஸ்விட்சுக்கு நான்கு, உலோகச் சட்டத்துக்கு நான்கு. பதினான்கையும் ஒரே நேரத்தில் உருக்கி மாட்யூலை முழுசாக எடுக்க நினைப்பதுதான் தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய பிழை. பதின்மூன்று கால் விட்டிருக்கும், ஒன்று பிடித்திருக்கும். இழுத்ததும் அந்த ஒரு துளையின் உட்சுவரில் உள்ள செம்பு காலோடு வந்துவிடும்.

பழைய மாட்யூல் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. அதனால் அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பதே நல்லது. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்களையும் நெம்பி மாட்யூலிலிருந்து விலக்கி, அவற்றின் கால்களைப் போர்டுக்கு மேலே கட்டரால் வெட்டிவிடவும். பிறகு ஸ்விட்சின் கால்கள். இப்போது சட்டத்தைப் பிடித்திருப்பவை நான்கு தடித்த கால்கள் மட்டும். தனித்து நிற்கும் மெல்லிய கால் ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் ட்வீசரால் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அயர்னால் தொட்டால் வெண்ணெயில் இருந்து வருவதுபோல் நழுவி வரும். எந்தத் துளைக்கும் அழுத்தம் போகாது.

சட்டத்தின் கால்கள்தான் கடினம், நேராகக் கிரவுண்டில் இருப்பதால் சூடு ஏற நேரமாகும். தொழிற்சாலையில் போட்டிருப்பது ஈயமில்லாத சால்டர். அது உருக சுமார் 217 டிகிரி வேண்டும். 60/40 ஈயம் 190-க்குள் உருகிவிடும். எனவே ஒவ்வொரு காலிலும் ஃப்ளக்ஸ் தடவி, புது ஈயத்தைத் தாராளமாகச் சேர்த்துக் கலக்கவும். கலவையின் உருகுநிலை இறங்கும். அயர்ன் 360 டிகிரி. முனையைக் காலின் மீதும் பேட் மீதும் சேர்த்து வைத்து மூன்று நான்கு வினாடி. பம்பை வைத்து உறிஞ்சவும். ஒரே தடவையில் முழுதும் போகாது. போகாவிட்டால் அதே இடத்தில் நின்று வறுக்காமல், மறுபடி ஈயம் சேர்த்து, வேறு காலுக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். கால் துளைக்குள் ஆடுகிறதா என்று முனையால் தள்ளிப் பார்க்கவும். நான்கும் ஆடினால் மட்டுமே சட்டத்தைத் தூக்க வேண்டும்.

துளைகளில் மிச்சமிருக்கும் ஈயத்தைச் செம்புப் பின்னலாலும் பம்பாலும் சுத்தம் செய்து, ஆல்கஹாலால் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே போர்டைப் பிடித்துப் பாருங்கள். பதினான்கு துளைகளிலும் வெளிச்சம் வர வேண்டும். பாதி அடைத்த துளையில் புது மாட்யூலை அமுக்கித் திணித்தால் இவ்வளவு கவனமும் வீணாகும்.

தப்பித்தவறி பேட் உரிந்துவிட்டால் போர்டு போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்று கால்களில் ஓரத்து இரண்டும் மின்சாரம் தருவதும் கிரவுண்டும். அவை மற்ற அச்சின் கால்களோடு பொதுவானவை. மல்டிமீட்டரின் பீப் சோதனையில் அந்த இணை எது என்று கண்டுபிடித்து, எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியால் அங்கிருந்து பாலம் போடலாம். நடுக்கால் உரிந்தால்தான் சிரமம். அது போகும் தடத்தைத் தேடி, பச்சைப் பூச்சைச் சுரண்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

மாட்டுவது, காலிப்ரேஷன்

புது மாட்யூலைத் துளைகளில் வைத்து, சட்டம் போர்டோடு நான்கு மூலையிலும் படிந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். முதலில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சட்டக் கால்களை மட்டும் சால்டர் செய்யவும். மறுபடி பார்க்கவும். சாய்ந்திருந்தால் அந்தக் காலை உருக்கியபடி விரலால் அமுக்கினால் உட்காரும். பிறகு மற்ற பன்னிரண்டு. அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் தொப்பி உறையின் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் முட்டும். அதை எந்தக் காலிப்ரேஷனும் சரிசெய்யாது.

ஃப்ளக்ஸைத் துடைத்து, பேட்டரி இணைக்குமுன் ஓரத்துக் கால்கள் இரண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மல்டிமீட்டரில் உறுதி செய்யுங்கள். ரிப்பன்களையும் மோட்டார் வயர்களையும் இணைத்து, மூடாமலேயே கணினியில் போட்டுப் பார்க்கவும். எல்3, ஆர்3 அழுத்தம் பதிகிறதா, நான்கு அச்சும் அசைகிறதா என்பது போதும். நடுப்புள்ளி 0.1, 0.2 என்று விலகி நின்றால் கலங்க வேண்டாம். காந்த மாட்யூலில் அது சகஜம்.

காலிப்ரேஷனுக்கு, டூயல்ஷாக், டூயல்சென்ஸ் இரண்டுக்குமான இலவசக் கருவி ஒன்று பிரவுசரிலேயே ஓடுகிறது. குரோம் அல்லது எட்ஜ் பிரவுசர் வேண்டும், கன்ட்ரோலர் கேபிளில் இருக்க வேண்டும். நடுப்புள்ளிக்கு இரண்டு ஸ்டிக்கையும் ஒவ்வொரு மூலையாகத் தள்ளி விடச் சொல்லும், நான்கு மூலை. விடும்போது விரலை முழுதாக எடுத்துவிடவும். எல்லைக்கு இரண்டையும் ஓரம் தொட்டு மெல்லச் சுழற்ற வேண்டும், பத்துச் சுற்றாவது. சுழற்றாமல் முடித்துவிட்டால் லேசாகத் தொட்டாலே மதிப்பு 1-க்குப் பாயும். மறுபடி செய்தால் சரியாகிவிடும். நடுப்புள்ளியை மூடும்முன் பார்க்கலாம். எல்லையை மட்டும் உறையை மூடிய பிறகே எடுக்க வேண்டும், ஏனென்றால் ஆடும்போது ஸ்டிக்கை நிறுத்துவது உறையின் வளையம். எல்லாம் திருப்தி என்றால் நிரந்தரமாகச் சேமிக்கும் பட்டனை அழுத்தவும். இல்லையென்றால் அணைத்து எழுப்பியதும் பழைய மதிப்பு திரும்பிவிடும்.

சோதனைப் பக்கத்தில் வட்டப் பிழை என்று ஒரு சதவீதம் வரும்; ஸ்டிக் ஓரமாகச் சுழலும் பாதை கச்சிதமான வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே அது. அதை 1-க்கும் கீழே கொண்டுவரப் பலர் மணிக்கணக்கில் போராடுகிறார்கள். தேவையில்லை. ஆலையிலிருந்து வரும் ஸ்டிக்குகளே வட்டத்தைத் தாண்டி மூலைகளில் கொஞ்சம் வெளியே போகும், பத்துச் சதவீதத்தை ஒட்டிய பிழையோடு. டெட்ஸோனை அச்சுவாரியாக வெட்டும் ஆட்டங்களில் அந்த மிச்சம் இருந்தால்தான் குறுக்கே முழு வேகம் கிடைக்கும். கச்சிதமான வட்டத்தில் பாத்திரம் சாய்வாக ஓடும்போது மந்தமாகத் தெரியலாம். ஒரு பக்கம் 1-ஐத் தொடாமல் 0.93-இல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றால் எல்லைக் காலிப்ரேஷனைத் திரும்பச் செய்யவும். அப்போதும் நின்றால் மாட்யூல் சாய்ந்திருக்கிறது.

காந்த சென்சார் மாட்டிய கன்ட்ரோலரைக் காந்த மூடியுள்ள கைப்பேசி உறையின் மேலோ ஸ்பீக்கரின் மேலோ வைத்துக் காலிப்ரேஷன் செய்யாதீர்கள். அந்த வெளிக்காந்தத்தையும் சேர்த்து நடுவாகப் பதிவு செய்துவிடும்.

பழைய மாட்யூலில் கெட்டது பெரும்பாலும் ஓர் அச்சுதான். மற்ற அச்சின் பொட்டென்ஷியோமீட்டரில் உள்ள பச்சை மூடியையும் உள்ளே இருக்கும் வெள்ளைச் சுழல்தட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கன்ட்ரோலரில் துடைப்பான் மட்டும் கெட்டிருந்தால், மூடியின் இரண்டு கொக்கிகளை விடுவித்து அந்தத் தட்டை மாற்றிப் போடலாம். அதற்கு அயர்னைச் சூடாக்கவே வேண்டியதில்லை.